அப்புறம் பாக்கலாமுங்க

இன்று காலை ஒரு பழைய கோப்பைத் திறந்தேன். திறந்ததுதான் தாமதம், திரையின் வலது ஓரத்திலிருந்து ஒரு பெட்டி நீண்டு வந்து, "இந்த ஆவணத்தைச் சுருக்கித் தரட்டுமா?" என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள்: ‘சரி’, ‘பிறகு நினைவூட்டு’. வேண்டாம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலை மூலையாகத் தேடினேன், ஒரு பெருக்கல் குறிகூட அகப்படவில்லை.

மகள் வாங்கித் தந்த புதுக் கம்ப்யூட்டர் இது. "எல்லாம் தமிழ்லயே வெச்சுட்டேங்கம்மா, இனி உங்களுக்குச் சுலுவு" என்றாள். வந்த வம்பே அதுதான். இங்கிலீஷில் தொந்தரவு செய்தால் புரியாத மாதிரி இருந்துவிடலாம். தமிழில் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையாகவா இருக்கிறது? நான் கேட்காத செய்தியைச் சொல்கிறது, கேட்காத விளையாட்டைக் காட்டுகிறது. என் படங்களையெல்லாம் என்னைக் கேட்காமலே எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டு, இடம் போதவில்லை என்று என்னிடமே புகார் செய்கிறது. எதை நீக்கப் போனாலும் நீக்க முடியாது என்கிறது. என் மேசையில், என் நாற்காலியில், நான்தான் யாருடைய வீட்டிலோ ஒட்டிக்கொண்டிருப்பது போல உட்கார்ந்திருக்கிறேன்.

‘பிறகு’ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு லேத்துப் பட்டறை எண்ணெய் வாசம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. கணபதி என்கிற பகுதியில் ஒரு லேத்துப் பட்டறைக்கு மேல் மாடியில்தான் நான் முதன்முதலில் வேலை பார்த்த டைப்செட்டிங் கடை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஆய்வேடு எல்லாம் அடிப்போம். முதலாளி சரோஜினி அக்கா. வீட்டில் தெலுங்கு, கடையில் எங்களையெல்லாம் தோற்கடிக்கும் கொங்குத் தமிழ். கடையில் நானும் அக்காவும் மட்டும்தான்.

அக்கா யாருக்கும் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. பாலிசி போடச் சொல்லி ஆள் வந்தால், டீ வாங்கிக் கொடுத்து, முழுக்கக் கேட்டுவிட்டு, "அதுக்கென்னங்க, அப்புறம் பாக்கலாமுங்க" என்பார். வந்தவரும் டீயைக் குடித்துவிட்டு, "சரிங்க, வாரேனுங்க" என்று எழுந்துவிடுவார். மறுபடி வரமாட்டார். எங்கள் பக்கத்தில் ‘அப்புறம் பாக்கலாமுங்க’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அது எங்கள் ஊர் இல்லை. புதுப்பிக்கட்டுமா என்று நாளுக்கு நாலு தடவை கேட்கும். அக்கா ‘அப்புறம்’ என்பதை அழுத்துவார், நானும் அழுத்துவேன். மறுத்துவிட்டோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது நாங்கள் வாக்குக் கொடுத்ததாக எண்ணி வைத்திருந்தது.

செல்வியின் ஆய்வேட்டை அடித்தது அந்தச் சமயத்தில்தான். அவிநாசிப் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் வயற்காட்டுக் கூலிகள், வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குள் போனவள் இவள். களைவெட்டும் பெண்கள் தங்களுக்குள் பேசும் சொற்களைச் சேர்த்திருந்தாள். பாதிக்கு மேல் அவள் அம்மா வாயிலிருந்து வந்தவை. ஒரு களைக்கு ஏழு பெயர் இருந்ததைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கடைசி நாள் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். வழிகாட்டி சொன்ன திருத்தங்களையெல்லாம் காலையில் உட்கார்ந்து போட்டு முடித்தேன். பென்டிரைவில் இருந்தது திருத்தாத பழைய பிரதி. அச்சடிக்கத் தாள் தீர்ந்துபோனதால், செல்வியை உட்கார வைத்துவிட்டு நானும் அக்காவும் வெளியே போனோம். கால் மணி நேரம்கூட இருக்காது.

திரும்பி வந்தால் திரை முழுக்க நீலம். புதுப்பிக்கிறோம், கணினியை அணைக்க வேண்டாம். நான்கு சதவீதம்.

"என்ன அம்மணி ஆச்சு?" என்றேன்.

"ஒரு பொட்டி வந்துதுங்க. பத்து நிமிசத்துல அணைஞ்சு போகும்னு எண்ணிட்டே இருந்துதுங்க."

"அப்புறம்னு ஒண்ணு இருந்திருக்குமே, அமுக்கறதுதான?"

அவள் கைகளை மடியில் வைத்தபடியே சொன்னாள்: "உங்க கம்ப்யூட்டருங்க. நாந் தொடலாமுங்களா?"

ஒரு மாதமாக அவள் எங்கள் டம்ளரில்தான் டீ குடித்தாள், எங்களோடு சிரித்தாள். இருந்தும் தொடலாமா என்று கேட்க அவளுக்கு யாரோ எங்கேயோ பழக்கியிருக்கிறார்கள். எங்கள் முகத்திலும் அப்படி ஏதாவது இருந்ததோ என்று இன்றைக்கும் எனக்கு உறுத்தல்.

அப்போது தினமும் இரண்டு மணிக்கு மின்வெட்டு. ஐந்தரைக்குத்தான் திரும்ப வரும். மணி பன்னிரண்டே முக்கால். மூவரும் அந்தச் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். வெளியே போகவும் முடியாது, உள்ளே இருந்து செய்யவும் ஒன்றுமில்லை. முப்பதில் அரை மணி நேரம் நின்றது. அக்கா திரையிடம், "கண்ணு, கொஞ்சம் வெரசா போ கண்ணு" என்று கெஞ்சினார். தொண்ணூற்றொன்றில் இருக்கும்போது கீழே லேத்துச் சத்தம் நின்றது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது.

செல்வி அழவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "அடுத்த தடவை குடுத்துக்கலாம் சாமி, கோப்பு எங்கயும் போகாது, கரண்டு வந்தோன்ன எடுத்து வெக்கறோம்" என்றார் அக்கா.

"அதுக்கென்னங்க்கா. அப்புறம் பாக்கலாமுங்க."

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு அர்த்தம் தெரியாதா? அவள் படியிறங்கும்போது ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். நானும் மரியாதையாக நின்றுவிட்டேன்.

அக்கா சொன்னபடி கோப்பு எங்கேயும் போகவில்லை. கரண்டு வந்ததும் பத்திரமாக இருந்தது. அன்றிலிருந்து கம்ப்யூட்டர் மாற மாற அதையும் கூடவே கொண்டுவந்திருக்கிறேன். செல்வி கொடுத்திருந்த எண் கொஞ்ச நாளில் உபயோகத்தில் இல்லை என்றது. கடை இருந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அக்கா உடுமலைப்பேட்டையில் மகன் வீட்டோடு இருக்கிறார்.

இன்று காலை நான் திறந்தது அந்தக் கோப்புதான். நாங்கள் அடித்த பழைய எழுத்துரு இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. பக்கம் பக்கமாக இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாக ஏதோ கிறுக்கியிருக்கிறது. அந்த ஏழு பெயர்களில் ஒன்றுகூட எனக்கு இப்போது நினைவில் இல்லை. இதைத்தான் அது சுருக்கித் தரட்டுமா என்கிறது.

"அப்புறம் பாக்கலாமுங்க" என்று வாய்விட்டே சொல்லி, ‘பிறகு நினைவூட்டு’ என்பதையே அழுத்தினேன். நாளைக் காலையும் இது தவறாமல் வந்து கேட்கும். செல்விதான் வரவே இல்லை.