கருப்பட்டி கேஸ்

என் வீட்டுக்காரர் ஆயுசுக்கும் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. பீடி வாடைக்கே மூக்கைச் சுளிக்கிற ஆள். அந்த மனுசன் மேல் போலீஸ்காரன் சாராயக் கேஸ் போட்டான். இன்றைக்கும் யாராவது என் முன்னால் "போலீஸ்காரன் சும்மாவா பிடிப்பான்?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சும்மா பிடிப்பான். நான் பார்த்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில், மதுவிலக்கு இருந்த காலம் அது. தாராவியில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை. முன்னால் கடை, பின்னால் ஒரே ஒரு கோலி. அந்த ஒற்றை அறைக்குள்தான் மாமனார், மாமியார், கொழுந்தன்மார், நாங்கள் எல்லாரும். நான் கல்யாணமாகி வந்த புதுசு. தோல் பதனிடுகிற வாடை முதல் மாதம் என் குடலைப் புரட்டியது. அப்புறம் பழகிவிட்டது. குழாயடியில் நின்றால் திருநெல்வேலிப் பேச்சும் பம்பாய் ஹிந்தியும் கலந்து சண்டை நடக்கும். நானும் சளைத்தவள் இல்லை. வந்த வேகத்தில் ஹிந்தியில் நான் முதலில் படித்ததே வசவுதான்.

எங்கள் கடையில் பெயர்பெற்ற சரக்கு கருப்பட்டி. ஊரிலிருந்து ஓலைச் சிப்பத்தில் ரயிலில் வரும். கோவண்டியிலிருந்தும் பாண்டுப்பிலிருந்தும்கூட நம் ஆட்கள் தேடி வந்து வாங்கிப் போவார்கள். மழைக்காலம் வந்தால்தான் பாடு. பம்பாய் ஈரத்துக்குக் கருப்பட்டி இளகி, கன்னங்கரேலென்று ஓலையை மீறி வடியும். தித்திப்பு போகாது, பார்க்கத்தான் சகிக்காது. அதையும் விடாமல் வாங்கிப்போய்க் காப்பி போட்டுக் குடிப்பார்கள்.

எங்கள் தெருவுக்கு ஒரு ஹவல்தார் வருவார். கடைகடையாக ஏறி, சோப்பு, தீப்பெட்டி, சாயாத்தூள் என்று கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போவார். எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார், கல்லாவில் நான். ஹவல்தார் சோப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். "பைசா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். கேட்டது தப்பா? இப்போதும் இல்லை என்றுதான் சொல்வேன். அந்த ஆள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சோப்பைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஆடி மழையிலேயே ஹவல்தாரும் போலீஸ்காரர்களும் கடைக்கு வந்துவிட்டார்கள். சாக்கடைக்கு அந்தப்பக்கம் நிஜமாகவே சாராயம் காய்ச்சுகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஸ்டேஷனுக்கு மாசாமாசம் கொடுத்துவிடுவார்கள், அவர்கள் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் ஸ்டேஷனுக்கும் கேஸ் கணக்குக் காட்ட வேண்டுமே? எங்கள் கடையில் இளகிக் கிடந்த கருப்பட்டியைக் காட்டி, இது சாராயம் காய்ச்ச வைத்திருக்கிற அழுகல் வெல்லம் என்றார்கள். என் மாமியார் ஒரு துண்டை வாயில் போட்டு மென்று காட்டினார்கள். யார் பார்த்தார்கள்! வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பிடித்த பொருளை நேரில் பார்த்தோம் என்று வெளியாள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். பஞ்சநாமா என்பார்கள். ஒருத்தன் ஸ்டேஷன் வாசலிலேயே கிடக்கிறவன், எல்லாக் கேஸிலும் கையெழுத்து அவனுடையதுதான். இன்னொருத்தர் எங்கள் கடைக்கு எதிரே தோல் பை தைக்கிற பாய். அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான். ரோட்டோரம் ஒரு பலகை, அதன் மேல் தையல் மிஷின், மேலே ஒரு தார்ப்பாய். லைசென்ஸ் ஏது? ஹவல்தார் கண்ணை மூடிக்கொள்கிற வரைக்கும்தான் பிழைப்பு. கூப்பிட்டு, போடு என்றார்கள். மனுசன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போனார்.

ஜாமீனில் எடுத்த பிறகு மாட்டுங்காவில் ஒரு தமிழ் வக்கீலைப் பார்த்தோம். நல்ல மனுஷர், ஆனால் அவசரக்காரர். "ஒத்துண்டுடுங்கோ. அபராதத்தோட போயிடும். கேஸை நடத்தித் தோத்தேள்னா ஜெயில்தான், கடை லைசென்ஸும் போயிடும்" என்றார். வீட்டுக்காரர் உடனே தலையை ஆட்டினார். நான் விடவில்லை. "செய்யாததை எதுக்குச் செஞ்சேன்னு சொல்லணும்? நாளைக்கு எம் பிள்ளைய சாராயக்காரன் பிள்ளைன்னு சொல்லவா?" என்று வக்கீல் முன்னாலேயே சத்தம் போட்டேன். அப்போது பிள்ளையே இல்லை, அது வேறு விஷயம். "ஏட்டி, நாந்தான உள்ள போவேன், நீயா போவே?" என்று கேட்டார் அவர். கேட்டாலும், என் பேச்சுக்குக் கட்டுப்பட்டு கேஸை நடத்தச் சம்மதித்தார். அதற்கப்புறம்தான் எனக்கு உள்ளுக்குள் உதற ஆரம்பித்தது.

ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். கோர்ட்டுக்குப் போன அந்த நாட்கள்தான் என் கல்யாண வாழ்க்கையின் தேன்நிலவு. அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து நாலு வார்த்தை பேச முடியாது. தேதி வந்தால் நான் கட்டுச்சோறு கட்டுவேன், புதுச் சேலை உடுத்துவேன், ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவோம். கோர்ட் வராந்தாவில் வேர்க்கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு, கைவிலங்கு போட்டு வருகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டு இருப்போம். சாயங்காலம் மாட்டுங்காவில் இறங்கி மசால் தோசை வாங்கிக் கொடுப்பார். "அடுத்த தேதி எப்போ?" என்று நான் ஆசையாகவே கேட்டிருக்கிறேன். பைத்தியக்காரி! ஹவல்தாரும் ஒவ்வொரு முறையும் பந்தோபஸ்து வேலை, காய்ச்சல் என்று சொல்லி வராமல் இருந்துவிடுவார். கேஸ் தள்ளிக்கொண்டே போனது. மழை விட்டு, குளிர் வந்து, ரம்ஜான் நோன்பு மாதமும் பிறந்துவிட்டது.

கடைசியில் ஒரு தேதிக்கு எல்லாரும் வந்தார்கள். ஸ்டேஷன் வாசல்காரன் முதலில் ஏறி, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தான். அழுகல் வெல்லம், புளித்த வாடை, கண்ணால் பார்த்தேன். அடுத்து பாயைக் கூப்பிட்டார்கள். வாசலில் ஹவல்தார் அவர் தோளில் கைபோட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். இந்த மனுசன் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் புருசன் ஜெயிலுக்குப் போவான், அதுவும் என் பிடிவாதத்தால். இசக்கியம்மனை நினைத்துக்கொண்டேன்.

போலீஸ் தரப்பு வக்கீல், அரக்கு வைத்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு கறுப்புத் துண்டை நீட்டினார். "இதுதானே அன்றைக்குப் பிடித்தது?"

"இதுதான்" என்றார் பாய்.

"அழுகல்தானே?"

பாய் துண்டையும் ஹவல்தாரையும் மாறி மாறிப் பார்த்தார். மாஜிஸ்ட்ரேட் ஒரு வயசான பார்சிக்காரர், பொறுமை கம்மி. "வாயில் போட்டுப் பார்த்துச் சொல். இனிக்கிறதா, புளிக்கிறதா?" என்றார்.

பாய் கையை எடுத்துக்கொண்டார். "சாப், நான் நோன்பு. பொழுது சாய்கிற வரைக்கும் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது" என்றார் ஹிந்தியில். பிறகு ஒரு மூச்சு விட்டு, "வைத்துப் பார்க்கவும் வேண்டாம். இந்த மாசம் பூரா சாயங்காலம் நான் நோன்பு திறந்து குடிக்கிற சுக்குக் காப்பியில் போடுவது இதுதான். இவர் கடையில் வாங்கியதுதான். சாராயச் சரக்கை வைத்து எவனாவது நோன்பு திறப்பானா, சாப்?" என்றார்.

போலீஸ் வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்புறம் எதற்குக் கையெழுத்துப் போட்டாய்?" என்று கத்தினார்.

"போடு என்றார்கள். ரோட்டோரம் கடை வைத்திருக்கிறேன், சாப்."

மாஜிஸ்ட்ரேட் ஹவல்தாரைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளுக்கு அந்த ஆள் தரையைத்தான் பார்த்தார். விடுதலை என்று எழுதினார்கள். எனக்கு அங்கேயே குலவை போட வேண்டும் போல இருந்தது. வீட்டுக்காரர் வாயைப் பொத்தாத குறையாக என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். பாயைத் தேடினோம், அதற்குள் போய்விட்டிருந்தார்.

அடுத்த வாரமே அவர் பலகையை உடைத்து, மிஷினை லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பாதையில் இடைஞ்சலாம். தெருவில் அத்தனை பலகை இருந்தது, அவருடையது மட்டும்தான் இடைஞ்சல்! எங்கள் கடை வாசலில் இடம் தருகிறோம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு கோவண்டிக்குப் போய், யாரிடமோ கூலிக்குத் தைக்க ஆரம்பித்தார்.

நோன்புப் பெருநாளன்று அவர் குடிசையைத் தேடிப் போனோம். கோரைப்பாயில் உட்காரவைத்து, சேமியாப் பாயசம் கொடுத்தார்கள். சொந்த மிஷினில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த மனுசனை அந்தத் தகரக் கூரைக்குள் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. "எங்களுக்காக உங்க பொழப்பையே விட்டுட்டீங்களே, அண்ணே" என்று அழுதுவிட்டேன்.

பாய் சங்கடப்பட்டார். அவர் மனைவியைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"தங்கச்சி, பெருநாளும் அதுவுமா உங்கிட்ட மறைக்கக் கூடாது. உங்களுக்காவ ஒண்ணும் நான் கோர்ட்டுக்குப் போவல. அன்னைக்கு ஹவல்தாரு சொல்லிக்குடுத்ததத்தான் சொல்லணும்னு போனேன். எனக்கும் பிள்ளைய இருக்குல்லா? ஏறி நின்னதும் நோன்பு வாயில பொய் வரல. அவ்வளவுதான். மத்த மாசமா இருந்தா சொல்லிருப்பேன். அண்ணாச்சி உள்ளதான் போயிருப்பாவ."

பிறகு அவரே, "பாயசம் ஆறுது, குடிங்க" என்றார். குடித்தோம்.

திரும்பும்போது குர்லாவில் வண்டி மாற நின்றோம். வீட்டுக்காரர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்த ஹவல்தார் மொதத் தேதிக்கே ஒழுங்கா வந்திருந்தாம்னா?"

அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன், அத்தனை கூட்டத்திலும். வண்டி வந்து ஏறிய பிறகும் விடவில்லை.