வருஷத்துக்கு ஒரு புத்தகம்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எனக்குப் பெருமை தாங்கவில்லை. வங்கிக்குக் கிளம்பும் அவசரத்திலும் நம் வாசிப்புக் குழுவில் "முப்பத்தெட்டு முடிந்தது" என்று போட்டு, பக்கத்தில் இரண்டு பட்டாசுப் படங்களையும் ஒட்டியிருந்தேன். வருஷத்துக்கு ஐம்பது புத்தகம் என்று ஜனவரியில் சவால் விட்டுவிட்டு, பூஜை விடுமுறை வரைக்கும் பின்தங்கிக் கிடந்தவள் நான். ஒரு வழியாக இழுத்துப் பிடித்துவிட்ட சந்தோஷம். யாராவது கைதட்டியிருக்கிறார்களா என்று ஆட்டோவில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தேன். என் பட்டாசுக்குக் கீழே செந்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். "மீனாதி இன்று காலை காலமாகிவிட்டார்." நான் முதலில் செய்த காரியம் அந்தப் பட்டாசை அழித்தது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

குழுவில் இருக்கும் உங்களுக்கு மீனாதியை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்கள் அவரை ஒன்றிரண்டு தடவைதான் பார்த்திருப்பீர்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் மீனாட்சி. அக்காவுக்கு வங்காளியில் தீதி; அது சுருங்கி, மீனாவோடு ஒட்டிக்கொண்டு, மீனாதி ஆனது. தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்ட தஞ்சாவூர்க் குடும்பம். பிறந்தது, படித்தது, இன்ஷூரன்ஸ் ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றது எல்லாம் இங்கேதான். கணவர் தபன் வங்காளி; அண்ணனுக்கு இங்கே தாதா, அதனால் எங்களுக்குத் தபன்தா. மீனாதி வங்காளியில் யோசிப்பார், வங்காளியில் கணக்குப் போடுவார், தூக்கத்தில் உளறுவதும் வங்காளியில்தான் என்று தபன்தா சொல்லுவார். தமிழ் பேச வரும், படிக்க வராது. ஓய்வு பெற்ற பிறகுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

நம் குழுவின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புது வருஷத்தின் முதல் ஞாயிறு, கரியாஹாட்டில் புடவைக்கடைக்கு மேலே இருக்கும் செந்தில் வீட்டில் கூடுவோம். ஒவ்வொருவரும் அந்த வருஷம் எத்தனை புத்தகம் படிக்கப் போகிறோம் என்று எல்லோர் முன்னாலும் ஒரு எண் சொல்ல வேண்டும்; செந்தில் அதை ஆளுக்கொரு கணக்காக எழுதி வைத்துக்கொள்வான். மாதாமாதம் கூடும்போது படித்ததன் கதையைச் சொல்ல வேண்டும். வருஷக் கடைசியில் எண்ணை எட்டாதவர் எல்லோருக்கும் ஷிங்காரா, அதாவது இந்த ஊர் சமோசா, வாங்கித் தர வேண்டும். மீனாதி முதன்முதலாக வந்த ஜனவரியில் நாங்கள் ஏலம் கேட்பது போல நாற்பது, ஐம்பது, அறுபது என்று ஏற்றிக்கொண்டே போனோம். அவர் முறை வந்தது. "ஒண்ணு" என்றார்.

செந்தில், "மாசத்துக்கா தீதி?" என்று கேட்டான்.

"வருஷத்துக்குப்பா. மாசத்துக்கு ஒண்ணு படிக்க நான் என்ன மெஷினா?"

சிரித்தோம். நான்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு, இந்த வயதில் தமிழ் படிக்க என்ன திடீர் ஆசை என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. "எனக்குத் தமிழ்ல கிடைச்சதெல்லாம் திட்டுதான் சுதா. அப்பா திட்டினார், அம்மா திட்டினா, அத்தை ஊர்லேர்ந்து ரயிலேறி வந்து திட்டினா. அந்த பாஷைல வேற என்னதான் வெச்சிருக்கான்னு பார்த்துட்டுப் போகணும்."

வாய்விட்டுத்தான் படிப்பார். மனதுக்குள் படித்தால் எழுத்து நழுவி ஓடிவிடுகிறது என்பார். டாலிகஞ்சில் மெட்ரோ ஏறியதும் புத்தகத்தை விரித்து, விரல் வைத்து, உதடு அசைய மெல்லிய குரலில் ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் எதிர் இருக்கையிலிருந்த வங்காளி அம்மாள் கொஞ்ச நேரம் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இறங்கும் முன் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். ஏதோ ஸ்தோத்திரம் என்று நினைத்துவிட்டார். அந்தப் பக்கத்தில் ஓரகத்திகள் இரண்டு பேர் கிணற்றடியில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "நீங்க ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன். "என்னத்தைச் சொல்றது? கும்பிட்டா. சண்டைக்கும் ஒரு கும்பிடு கிடைக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

அவருடைய வேகம் எங்களுக்குக் கேலிப்பொருளாகத்தான் முதலில் இருந்தது. பிறகு என்ன ஆயிற்று என்றால், மாதாந்திரக் கூட்டத்தில் நாங்கள் ஆளுக்கு நாலைந்து புத்தகத்தின் கதையை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, மீனாதி வாயைத் திறக்க மாட்டாரா என்று காத்திருக்க ஆரம்பித்தோம். அவர் அதே புத்தகத்தின் அடுத்த இருபது பக்கத்தைச் சொல்லுவார். அந்த வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சு இல்லை, புது மருமகள் சமையலறைக்குள் நுழைய யார் விடவில்லை, மாமனார் எப்போது பார்த்தாலும் ஏன் வாசலையே பார்க்கிறார் என்று பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் போலச் சொல்லுவார். நடுவில் நிறுத்தி, "எனக்கென்னவோ அந்தப் பெரியவர் மேல சந்தேகமாவே இருக்கு" என்பார். செந்தில் ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போயிருந்த மாதம்கூட, "பெரியவர் என்ன ஆனார்?" என்று எனக்குச் செய்தி அனுப்பினான்.

செந்திலைப் பற்றிச் சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஒரு டிசம்பர் கூட்டத்தில் அவன் ஒரு நாவலின் கதையை வெகு உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்களும் தலையாட்டிக்கொண்டிருந்தோம். மீனாதி மெதுவாக, "இது நீ வெயில் காலத்துலயே சொன்னதாச்சே, அப்போ அட்டை பச்சையா இருந்துது" என்றார். பதிப்பு மாறி அட்டை மாறியிருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே நாவலை ஒரே வருஷத்தில் இரண்டாவது முறை படிக்கிறோம் என்று அவனுக்கும் தெரியவில்லை, கேட்ட எங்களுக்கும் தெரியவில்லை. எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவர்களுக்கே வரும் வியாதி இது. அவன் முகம் விழுந்துவிட்டது. மீனாதி உடனே, "ரெண்டு தடவையும் நன்னா சொன்னே. ரெண்டாவது தடவை அந்த அம்மா செத்துப்போற இடம் இன்னும் நன்னாருந்துது" என்றார். செந்திலே சிரித்துவிட்டான்.

முதல் வருஷம் டிசம்பர் கடைசியில் அவர் சொன்னபடி ஒரு புத்தகத்தை முடித்தார். அன்று கை நிறைய ஷிங்காராவோடு வந்தார். ஜெயித்தவர் எதற்கு அபராதம் கட்ட வேண்டும் என்று கேட்டோம். "முடிஞ்சு போச்சே. மனசு கேக்கலை. துக்கத்துக்கு எதையாவது தின்னணும்" என்றார்.

காலையில் அவர் படிப்பதை நான் ஒரே ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு விடுமுறை நாளில் ஏதோ வேலையாக டாலிகஞ்சில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மீனாதி டீ போட்டு வைத்துவிட்டு, மேஜைக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். எதிரே தபன்தா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மீனாதி ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுத்துக்கூட்டி முடிப்பார். பிறகு அதையே வங்காளியில் சொல்லுவார். அடுத்த வாக்கியத்துக்கு விரலை நகர்த்துவதற்குள் தபன்தா, "தாரபோர்?" என்பார். அப்புறம்? அவ்வளவுதான் அவர் பேச்சு. ஒரு கிண்ணம் பட்டாணி உரித்து முடிக்கும்போது ஒரு பக்கம் முடிந்திருந்தது.

இவ்வளவு மெதுவாகக் கேட்பது அலுப்பாக இல்லையா என்று என் அரைகுறை வங்காளியில் தபன்தாவிடம் கேட்டேன். "கல்யாணம் ஆன நாளிலிருந்து இவள் தமிழ் பேசி நான் கேட்டதெல்லாம் போனில் அம்மாவோடு போட்ட சண்டைதான். இப்போதுதான் எனக்கும் ஏதோ கிடைக்கிறது" என்றார். மீனாதி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஒரு தடவை மீனாதி ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போய்விட்டுத் திரும்பும்போது, வழக்கம் போல ஹௌராவுக்கு முன்னால் சாந்த்ராகாச்சியில் ரயிலை நிறுத்திப் போட்டுவிட்டார்கள். பெட்டி முழுக்க ரயில்வேயைச் சபித்துக்கொண்டிருந்த சத்தம் போனில் எனக்கே கேட்டது. மீனாதி மட்டும், "நின்னா நிக்கட்டும், ரெண்டு பக்கம் ஆச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார். அவரோடு சேர்ந்து எந்த வரிசையிலும் நிற்கலாம், நமக்குக் கோபம் வராது.

இந்த வருஷத்துக்கான புத்தகம் என் வீட்டு அலமாரியிலிருந்து போனது. தடிமனான குடும்பக் கதை. ஒரு பெண் கைக்குழந்தையோடு கணவன் வீட்டை விட்டுக் கிளம்பி அண்ணன் ஊருக்குப் போகிறாள். நான் அதை எப்போதோ ஒரு டிசம்பரில், எண்ணை எட்டுவதற்காக, இரண்டே நாளில் படித்துத் தள்ளியிருந்தேன். மீனாதி ஜனவரியிலிருந்து அவளோடு நடந்துகொண்டிருந்தார். போன கூட்டத்தில்தான் அவள் ஒருவழியாக ரயில் ஏறினாள் என்று சொல்லி எங்களிடம் கைதட்டல் வாங்கினார். அதுதான் அவர் வந்த கடைசிக் கூட்டம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் டீக்குப் பால் வைக்க எழுந்து போனவர் அங்கேயே சரிந்துவிட்டார். இதயம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடக்கூட அவகாசம் தரவில்லை.

காரியங்கள் முடிந்த அடுத்த ஞாயிறு நான் தபன்தாவைப் பார்க்கப் போனேன். செந்தில் முந்தின நாளே, "தீதியோட கணக்கை என்னக்கா பண்றது? எடுத்துடவா?" என்று கேட்டிருந்தான். இரு, இப்போதைக்குத் தொடாதே என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

தபன்தா உள்ளே போய் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்தார். நடுவில் அடையாளத்துக்கு ஒரு பழைய மின்சார பில் செருகியிருந்தது. "இது உன்னுடையதுதானே, எடுத்துக்கொண்டு போ" என்று நீட்டினார். நான் வாங்கிப் பையில் வைத்தேன். செருப்பு மாட்டக் குனிந்தபோது, "ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போ" என்றார்.

"சொல்லுங்க தாதா."

"அந்தப் பெண் குழந்தையை ரயிலில் விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்க இறங்கினாள். விசில் ஊதிவிட்டான். மீனா அங்கே நிறுத்தினாள், பால் வைத்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று எழுந்து போனாள்." என் பையைப் பார்த்தார். "அவள் திரும்ப ரயில் ஏறினாளா?"

நான் அந்த நாவலைப் படித்தவள். என் எண்ணிக்கையில் அதற்கு ஓர் இடம் உண்டு. வாசலில் ஒரு காலில் செருப்போடு நின்று யோசிக்கிறேன், யோசிக்கிறேன், அப்படி ஒரு ரயிலே என் நினைவில் இல்லை. தண்ணீரும் இல்லை, விசிலும் இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெரியலை தாதா. படிச்சுப் பார்த்துடலாம்" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைக்குத் திரும்பினேன், மீனாதியின் நாற்காலியில் உட்காரவில்லை, பக்கத்தில் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மின்சார பில் இருந்த பக்கத்தைத் திறந்ததும் என் கை தானாகவே அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டியது. விடை எங்கே என்று தேடும் கை அது. தபன்தா தன் கையை என் கைமேல் வைத்துத் தடுத்தார். "மீனா முன்னால் போய்ப் பார்க்க மாட்டாள்."

சரி என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒரு பத்தியை ஓட்டமாகப் படித்து வங்காளியில் சுருக்கிச் சொன்னேன். "ஆஸ்தே, ஆஸ்தே" என்றார். "அவள் மெதுவாகப் படிப்பாள்." வேகத்தைக் குறைத்தேன். இன்னும் மெதுவாக என்று கையைக் காட்டினார். கடைசியில் மீனாதியைப் போலவே விரல் வைத்து, வார்த்தை வார்த்தையாக, சத்தமாகப் படித்தேன். அப்போதுதான் தலையாட்டினார். அந்த ஆசிரியருக்கும் அவசரமே கிடையாது. விசில் ஊதியதற்கப்புறமும் குழாயடிக் கூட்டம், கூஜாவின் திருகு மூடி, பிளாட்பாரத்தில் படுத்திருந்த நாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். இதையெல்லாமா தாண்டிக் குதித்து ஓடியிருக்கிறேன் என்று ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு ஒரு பக்கம்தான் ஆனது. கூஜா பாதிதான் நிரம்பியிருந்தது. மின்சார பில்லைச் செருகிப் புத்தகத்தை அங்கேயே மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். இரவு செந்திலைக் கூப்பிட்டு, தீதியின் கணக்கை மூட வேண்டாம், அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். என்னுடையது முப்பத்தெட்டிலேயே நிற்கிறது. வருகிற டிசம்பரில் ஷிங்காரா என் செலவு.

மீனாதி எனக்குப் புத்தகம் எதுவும் விட்டுவிட்டுப் போகவில்லை, வைத்திருந்த ஒன்றும் என்னுடையதுதான். எனக்கு மிஞ்சியது அவருடைய வேகம். எவ்வளவு நாள் என்னிடம் தங்கும் என்று தெரியாது, ஞாயிற்றுக்கிழமை காலைகளிலாவது தங்குகிறது. ஜனவரியில் என் முறை வரும்போது என்ன எண் சொல்லப் போகிறேன் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். நீங்கள் உரக்கச் சிரிக்கலாம்.

இந்த ஞாயிறு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம். ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. அவள் கூஜாவோடு ஓடினாள், கைப்பிடியைப் பிடித்தாள், யாரோ உள்ளேயிருந்து தோளைப் பற்றி இழுத்தார்கள். ஏறிவிட்டாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் தமிழில் படித்து, வங்காளியில் சொல்லி முடித்தேன். தபன்தா எழுந்து சமையலறைக்குள் போனார். பிறகு பால் பொங்கும் சத்தம் கேட்டது. இரண்டு கோப்பை டீயோடு வந்து, ஒன்றை என் பக்கம் நகர்த்திவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"தாரபோர்?" என்றார்.