பல் பிடுங்கிய அன்று மூடாத கண்

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இடப்பக்கக் கீழ்க்கடைவாய்ப் பல் சொத்தையாகி, நான்கு நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை. கிராம்பு வைத்தும் கேட்காததால், என் கணவர் திருவரங்குளத்திலிருந்து பஸ்ஸில் என்னைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போனார்.

பல் டாக்டர் அதிகம் பேசாதவர். வாயைத் திறக்கச் சொல்லி, பல்வரிசைக்கும் பின்னால், தாடையின் கோடியில் நீளமான ஊசியைச் செலுத்தினார்.

“பல்ல எடுக்குற சேதி மூளைக்குப் போகாம இந்த மருந்து வழிய மறிச்சிரும். அதான் வலி தெரியாது. கொஞ்ச நேரத்துக்குத்தாம்மா.”

உதட்டில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பிறகு உதடு தடித்தது. பிறகு உதடே இல்லை. தொட்டுப் பார்த்தேன், வேறு யாருடைய வாயையோ தொடுவதுபோல இருந்தது. குறடு உள்ளே போனதும், கரும்பை முறிக்கிற சத்தம் காதுக்குள் கேட்டது. இழுப்பதும் அசைப்பதும் தெரிந்தன. வலி மட்டும் இல்லை. வலித்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பல் வந்துவிட்டது. வாய் கொப்பளித்த தண்ணீர் தானாக இடப்பக்கம் வழிந்தது.

“செத்த நேரம் கண்ண மூடிக்கிட்டு இரு” என்றார் கணவர்.

“மூடித்தான இருக்கேன்.” நாக்கு புரளாமல் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் டாக்டரிடம் போய்த் தணிந்த குரலில், “எடது கண்ணு தொறந்தே இருக்குங்க. வெள்ள முழி மட்டுந்தான் தெரியுது” என்று சொன்னது காதில் விழுந்தது. மூடியும் வெளிச்சம் ஏன் போகவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

கண்ணாடி கேட்டேன். இடப்பக்கம் கன்னம் தொங்கி, நெற்றிச் சுருக்கமெல்லாம் போய், மெழுகில் செய்ததுபோல இருந்தது.

“மருந்து கொஞ்சம் பின்னால எறங்கிருச்சு” என்றார் டாக்டர். “வலியச் சொல்ற நரம்பு வேற, மூஞ்சிய அசைக்கிற நரம்பு வேற. இப்ப அதுவும் மரத்திருக்கு. மருந்து கரைஞ்சதும் சரியாயிரும்.”

“ஆகலைன்னா?” என்று கேட்டார் கணவர்.

“ஆயிரும்.”

கண் உலர்ந்துவிடக் கூடாது என்று, டாக்டர் ஒரு விரலால் என் இமையைக் கீழே இழுத்து மூடிப் பஞ்சு வைத்து ஒட்டினார். இறந்தவர்களுக்குத்தான் அப்படி மூடிப் பார்த்திருக்கிறேன். அவர் விரலின் சூடு இமையில் நன்றாகத் தெரிந்தது. என்னால்தான் அதை அசைக்க முடியவில்லை. கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்திலிருந்த பெண் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து, தன் குழந்தையோடு தள்ளிப் போய் உட்கார்ந்தாள். வீட்டில் எங்கள் இரண்டு வயது மகள் இருந்தாள். இந்த முகத்திடம் அவள் வருவாளா என்று நினைத்தேன். அழுகை வந்தது, முகத்தில் ஒரு பாதிதான் அழுதது.

வெயில் சாய ஆரம்பித்தபோது டாக்டர் பஞ்சை எடுத்தார்.

“மூடுங்க பாப்போம்.”

மூடினேன். வெளிச்சம் போனது.

“மூடிருச்சு” என்றார் கணவர். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரத்தில் பல் இருந்த குழி விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. “வலிக்குதுங்க” என்றேன். அதைக் கேட்டு அவர் சிரித்தது இன்றும் நினைவிருக்கிறது.

பஸ்ஸில் இரண்டு தடவை கண்ணை மூடிக் காட்டச் சொன்னார். காட்டினேன். வெகுகாலம், நான் தூங்கியதும் என் இடது கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அவர் படுப்பாராம். அதை அவர் என்னிடம் சொன்னபோது எங்கள் மகளுக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.