என் மகள் பதில் சொன்ன புதன்கிழமை

போன ஆடி மாதம். என் மகள் ரேவதி பிள்ளை பெற்று முப்பது நாள் ஆகியிருந்தது. பிள்ளை அழும், அவள் திரும்ப மாட்டாள். தூக்கி மடியில் வைத்தால் பால் கொடுப்பாள். கண் மட்டும் சுவரில் இருக்கும். கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கும்.

மூன்று ஆண்பிள்ளைகளுக்குப் பிறகு மயிலம் முருகனை வேண்டிப் பெற்ற பெண். விழுப்புரத்தில் கட்டிக் கொடுத்தேன். தலைப்பிரசவத்துக்குத் திண்டிவனம் பக்கம் எங்கள் ஊருக்கு அழைத்து வந்தேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் எங்கள் தெருவில் யார் பிள்ளை பெற்றாலும் லேகியம் கிண்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. பூண்டைச் சுட்டுக் கொடுத்தேன். கருவாட்டுக் குழம்பு வைத்தேன். வேப்பிலையும் அடித்துப் பார்த்தேன். அவள் இளைத்துக்கொண்டே போனாள்.

சம்பந்தியம்மா போன் செய்தால், "இப்பத்தான் கண்ணசந்தா" என்று பொய் சொல்லுவேன். பைத்தியம் என்று பேர் வந்துவிட்டால் அவள் வாழ்க்கை போய்விடுமே.

ஒரு நாள் அவள் கேட்டாள். "ம்மா, நான் இல்லன்னா இவன நீ பாத்துக்குவியா?"

"இது ஒரு கேள்வியாடி? நாலு பெத்து வளத்தவ நான். இவன் ஒருத்தன் எனக்குப் பாரமா?"

பெருமையாகத்தான் சொன்னேன். அவள் மெதுவாகத் தலையாட்டினாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. அவளை விட்டுவிட்டு மயிலம் போக மனமில்லை. வீட்டுப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி அழுதேன். "முருகா, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செஞ்சுட்டேன். இனிமே தெரியல. யாரையாச்சும் அனுப்பு." தெரியவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனிடம் சொன்னேன்.

அடுத்து வந்த புதன்கிழமை, பிள்ளைக்குத் தடுப்பூசி போட நர்சம்மா வீட்டுக்கே வந்தார். போட்டுவிட்டு ரேவதி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தூக்கம் வருதாம்மா?"

"அதெல்லாம் நல்லா தூங்குவா" என்றேன் நான்.

"சாப்பாடு?"

"காலைல கேப்பைக் கூழு ஒரு சொம்பு குடிச்சா."

"அழுகை அழுகையா வருதா?"

"பச்ச ஒடம்புக்காரின்னா..." என்று ஆரம்பித்தேன்.

நர்சம்மா சிரித்துவிட்டார். "ஆயா, புள்ள பெத்தது நீங்களா, அவங்களா? செத்த சும்மா இருங்க."

கோபம் வந்தது. இருந்தாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ரேவதி சுவரிலிருந்து கண்ணை எடுத்து நர்சம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"கெணத்தாண்ட போனா திரும்பி வர மனசு வரலக்கா. புள்ளையத்தான் அம்மா பாத்துக்கறேன்னு சொல்லிச்சே."

நான் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் கண்ணு. நீ இல்லாம என்னால ஒண்ணும் முடியாது."

"இது பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல ஆயா" என்றார் நர்சம்மா. "பிரசவத்துக்கு அப்புறம் சில பேருக்கு வர்ற மனச்சோர்வு. பாத்தா சரியாவும். தனியா மட்டும் விடாதீங்க. இன்னைக்கே ஜல்தியா கெளம்புங்க."

முண்டியம்பாக்கத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். மாப்பிள்ளையும் வந்துவிட்டார். அவரிடம் எல்லாம் நானே சொன்னேன், பொய் சொன்னதையும். "எங்ககிட்ட ஏன் அத்தை மறைச்சீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். பால் கொடுக்கலாம் என்றார். வாரம் ஒரு நாள் கவுன்சிலிங். ரேவதி உள்ளே பேசுவாள். நான் வெளியே பெஞ்சில் முருகன் பேரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்ன பேசினாள் என்று இன்றுவரை கேட்டதில்லை. மூன்றாம் வாரம் என்னையும் கூப்பிட்டார்கள். பால் கொடுக்கிற நேரம் போக மற்ற நேரம் பிள்ளையை நான் வைத்துக்கொண்டு அவளைத் தூங்கவிடச் சொன்னார்கள். இத்தனை வீட்டுக்கு லேகியம் கிண்டின எனக்கு இது தோன்றவில்லை.

உடனே சரியாகிவிடவில்லை. எழுந்து நடமாடின நாளும் உண்டு, படுத்தே கிடந்த நாளும் உண்டு. ஐப்பசியில் ஒரு காலை, பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டே, "ம்மா, இவன் மூக்க பாரேன். அப்படியே உன் மூக்கு. திமிரு புடிச்ச மூக்கு" என்று சிரித்தாள். நான் அடுப்படிக்குள் போய் அழுது தீர்த்தேன்.

தை மாதம் மயிலத்தில் பேரனுக்கு முடி இறக்கினோம். மலைப்படி முழுக்க அவளே தூக்கி வந்தாள், யாரிடமும் தரவில்லை.

முருகனை நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். விளக்கேற்றுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். எழுந்ததும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வெட்கப்படாதீர்கள். வெட்கப்பட்டிருந்தால் இன்று எனக்கு லேகியமும் பெருமையும்தான் மிஞ்சியிருக்கும். அவன் அருளால் எனக்கு என் பெண் இருக்கிறாள்.