மைதானத்தை விற்கக் கூடிய கூட்டம்

1. முதல் நாள்

நான் துரைமார் கிளப்பில் ரைட்டராகச் சேர்ந்த அன்று செக்ரட்டரி துரை என் கையெழுத்தைப் பார்க்கவில்லை. சர்டிபிகேட்டையும் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்தார்.

"ரைட்டர், நீ ஓடு?" என்று கேட்டார்.

ஓடுவாயா என்று கேட்கிறார் எனப் புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவர் தமிழ் கற்றது மேலே ஏலக்காய் எஸ்டேட்டில். அங்கே துரைமாருக்கு ஓடு, வெட்டு, கொண்டா, போ என்ற அளவில்தான் தமிழ் தேவைப்பட்டது. கேள்வி கேட்பதும் அதிலேயே, விசாரிப்பதும் அதிலேயே.

அன்று கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. அதற்குத்தான் என்னை அனுப்பினார்கள். மைதானம் போடியிலிருந்து குரங்கணி போகும் வழியில், மலைச்சரிவு இறங்கி முடியும் இடத்தில் இருந்தது. மேற்கே மேடு, கிழக்கே ஓடை. நடுவில் இருந்த சமதளம் ஒரு பெரிய ஆட்டத்துக்குப் போதாது என்பதால், கிழக்குப் பக்கம் பந்து தடுப்பவர் ஓடைக்குள்தான் நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் ஆட்டம் தெரியாது. மேலே நிற்பவர் "பந்து!" என்று கத்துவார். உடனே ஆகாயத்தைப் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரம் ஆகாயத்தைப் பார்த்தபடி நின்றேன். சத்தமே இல்லையே என்று மேலே ஏறி வந்தபோது ஆட்டம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வாசலில் 'இம்பீரியல் கிரவுண்டு' என்று பலகை இருந்தது. சென்னை ராஜதானியிலேயே இதற்கு இணை கிடையாது என்பார் துரை. நான் வேறு மைதானம் பார்த்ததில்லை. நம்பினேன்.

2. விற்பனைப் பேச்சு

துரைமார் சனிக்கிழமை மட்டும் மலையிலிருந்து மட்டக்குதிரையில் இறங்கி வருவார்கள். மற்ற நாட்களில் மைதானம் இரண்டு உள்ளூர் கிளப்புகளுக்கு விடப்பட்டிருந்தது. ஒன்று போடி புட்பால் கிளப்பு. கச்சேரி குமாஸ்தாக்களும் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் ஆடியது. அதன் காப்டன் டிராயிங் மாஸ்டர் ஆரோக்கியம். இன்னொன்று சிலமலைச் சடுகுடுக் கோஷ்டி. பகலில் காட்டு வேலை, சாயங்காலம் இங்கே ஆட்டம். அவர்களுக்குத் தலைவர் ஒச்சு. நல்ல உயரம், இடி போன்ற குரல். சிலமலையில் வெள்ளாமை இல்லாத சமதளம் ஒரு முழம்கூடக் கிடையாது. ஆடினால் இங்கே ஆட வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை.

சீமையில் பெரிய சண்டை மூண்டதும் இளம் துரைமார் ஒவ்வொருவராகப் பட்டாளத்துக்குப் போனார்கள். மிச்சம் ஆறு பேர், எல்லோரும் தொந்தி வைத்தவர்கள். ஆறு பேரை வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆட முடியாது. மைதானத்தை விற்றுவிட்டு, மலைமேல் குளிருக்கு அடக்கமாக ஒரு பில்லியர்ட்ஸ் கொட்டகை கட்டலாம் என்று செக்ரட்டரி துரைக்கு யோசனை வந்தது.

வாங்க வந்தவர் ஏலக்காய் வியாபாரி ராவுத்தர். மலையிலிருந்து கழுதைப் பொதியில் இறங்கும் சரக்கைக் காயவைக்க அவருக்கு ஒரு களம் வேண்டியிருந்தது. வந்தவர் மைதானத்தின் நீள அகலத்தைக் கேட்கவில்லை. நடுவில் கிரிக்கெட்டுக்காக உருளை போட்டு இறுக்கிய மண்மேல் துண்டை விரித்துப் படுத்தார். பிறகு துண்டை எடுத்துவிட்டு, வெறும் மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்தார். நாங்கள் பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து எழுந்து, "நல்ல சூடு பிடிச்ச மண்ணுப்பா. மூணு வெயிலு போதும், காய் கலகலன்னு ஆயிரும்" என்றார்.

ஒச்சு துரையிடம் போய், "எங்க ஆட்டத்துக்கு என்ன வழிங்க தொரை?" என்று கேட்டார்.

ராசிங்காபுரம் பக்கம் ஒரு குளத்து ஓர நிலத்தைப் பேசி வைத்திருப்பதாகத் துரை சொன்னார். அதில் ஆறு மாதம் தண்ணீர் நிற்குமே என்றார் ஒச்சு.

"ஆறு மாசம் ஓடு. ஆறு மாசம் நீந்து" என்றார் துரை.

3. கோரம்

இனி நான் சொல்வது எனக்குப் பெருமை தரும் விஷயமல்ல.

கிளப்பின் சட்டப்புத்தகப்படி மைதானத்தை விற்க வேண்டுமானால் இருபது மெம்பர்கள் நேரில் கூட வேண்டும், அதில் பாதிக்கு மேல் சம்மதம் சொல்ல வேண்டும். இருந்ததோ ஆறு. துரை புத்தகத்தை மேஜைமேல் எறிந்துவிட்டு, "ரைட்டர், தேடு" என்றார். எனக்குக் கல்யாணம் முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேலை போனால் மாமனார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அந்தப் பயம் பாதி. நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று காட்டும் ஆசை மீதி. இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்தேன். மைதானத்தை வாடிக்கையாக உபயோகிக்கும் நல்லொழுக்கமுள்ள எவரையும் செக்ரட்டரி தம் பொறுப்பில் மெம்பராகச் சேர்க்கலாம் என்று ஒரு விதி, பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது.

துரைக்கு ஒரே சந்தோஷம். புட்பால் கிளப்பில் ஐந்து பேர், சடுகுடுவில் ஒன்பது பேர், ஆகப் பதினாலு பேரைச் சேர்க்கச் சொன்னார். எந்த மைதானம் போனால் அவர்கள் ஆட்டம் போகுமோ, அதே மைதானத்தை விற்க அவர்களையே தலையெண்ணிக்கைக்குச் சேர்க்கும் வேலை இது. யோசனை என்னுடையது.

சிலமலைக்குப் போய்ச் சொன்னேன். "ஒச்சண்ணே, கூட்டத்துக்குக் கோரம் வேணும். அதான் ஒங்களைச் சேக்குறாக."

ஒச்சு முகம் மாறிவிட்டது. "கோரமா? யாருக்கு என்னாச்சு?"

குறைந்தபட்சம் இத்தனை பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும், அதற்கு இங்கிலீஷில் அந்தப் பெயர் என்று விளக்கினேன். அவர் யோசித்தார். "அப்ப மெம்பர்னா எங்களையும் கேட்டுத்தான விக்கணும்?"

"ஆமா."

"அப்புறம் என்ன? வேணாம்னு சொல்லிட்டு வெரசா வந்துருவோம். காட்டுல சோலி கெடக்கு."

டிராயிங் மாஸ்டரும் அதையே சொன்னார். துரை இரண்டு முறை கேட்பார், சம்மதம் என்றால் 'ஐ' என்று ஒரு குரல், இல்லை என்றால் 'நோ' என்று ஒரு குரல், தாம் கையைத் தூக்கியதும் எல்லோரும் 'நோ' சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் பழக்கினார். ஒன்பது பேரும் ஏர் ஓட்டும்போதுகூட 'நோ, நோ' என்று சொல்லிப் பழகினார்களாம். மாடுகள் நின்றுவிட்டன என்று ஒச்சு குறைப்பட்டுக்கொண்டார்.

4. கோட்டு

கூட்டத்துக்கு முந்தின நாள் இன்னொரு விதி கண்ணில் பட்டது. கோட்டு அணியாத எவரும் கிளப்புக் கட்டடத்துக்குள் வரக்கூடாது. குமாஸ்தாக்களிடம் கோட்டு இருந்தது. ஒன்பது சடுகுடு ஆட்களுக்கு எங்கே போவது?

"பள்ளிக்கூடத்து நாடகப் பெட்டி இருக்கு" என்றார் டிராயிங் மாஸ்டர்.

அப்படித்தான் மறுநாள் ஒச்சு, தொடை வரை தொங்கும் சிவப்பு வெல்வெட் ராஜா கோட்டில், தோளில் சரிகைக் குஞ்சம் ஆட, வேட்டியோடு நடந்து வந்தார். பின்னால் இரண்டு மந்திரிகள், நாலு சேவகர்கள், ஒரு சேனாதிபதி. கடைசி ஆள் மாயாண்டிக்கு எமன் கோட்டுதான் மிஞ்சியது. கருப்புத் துணியில் மண்டையோடு தைத்திருந்தது. நான் வாசலில் நின்று பெயரை டிக் செய்துகொண்டிருந்தேன். துரை ஒச்சுவை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல கோட்டு" என்று மட்டும் சொன்னார். எமனைப் பார்த்துவிட்டு உள்ளே போகும்படி கையைக் காட்டினார். இருபது பேர் வேண்டுமே.

5. கூட்டம்

ஆறு துரைமார் நாற்காலியில். குமாஸ்தாக்கள் பெஞ்சில். ராஜாவும் பரிவாரமும் சுவரோரம் நின்றார்கள். ராவுத்தர் வராந்தாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை தீர்மானத்தை இங்கிலீஷில் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "தமிழ் சொல்லு" என்றார்.

எழுந்தேன். தீர்மானத்தைத் தமிழில் சொன்னேன். "இந்த மைதானம் முழுவதையும், மண்ணோடும் மரத்தோடும், இன்று முதல் ராவுத்தர் அவர்களுக்குச் சாசுவதமாக விற்றுவிடுவதென்றும், இனி எக்காலத்திலும் இதில் எவரும் ஆடக்கூடாதென்றும் தீர்மானிக்கப்படுகிறது."

கடைசி வரி அவர்களுக்குப் புதிது. விற்பது தெரியும். எக்காலத்திலும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. துரை அந்த நேரம் பார்த்து மேஜையைத் தட்டி, சம்மதமா என்று இங்கிலீஷில் கேட்டார். மற்றத் துரைமார் 'ஐ' என்றார்கள். டிராயிங் மாஸ்டர் இன்னும் கையைத் தூக்கவில்லை. ஒச்சுவின் வாயிலிருந்து, ஒரு வாரப் பயிற்சியெல்லாம் பறந்துபோக, அடிவயிற்றிலிருந்து வந்தது.

"ஐயய்யோ!"

மற்ற எட்டுப் பேரும் ஒரே குரலாக, "ஐயய்யோ!"

துரை சுத்தியலை ஓங்கி அடித்தார். "ஐ! நிறைவேறியது!" என்றார் இங்கிலீஷில்.

டிராயிங் மாஸ்டர் "நோ! நோ!" என்று எழுந்து கத்தினார். ஆனால் ஒன்பது பேரின் 'ஐயய்யோ' இன்னும் ஓயவில்லை. எமன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். துரை எஸ்டேட்டில் இந்தச் சொல்லை ஆயிரம் தடவை கேட்டிருப்பார். அன்று அவருக்கு என்ன வேண்டுமோ அதுதான் காதில் விழுந்தது.

எல்லோரும் எழுந்தபோது என்னிடம் வந்து, "மினிட் புத்தகம். மெம்பர் என்ன சொன்னான், எழுது" என்றார்.

ஒச்சு வெளியே போகும்போது வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். ஊரில் பிறகு நான் துணிச்சலாகச் செய்தேன் என்று சொன்னார்கள். அப்படியல்ல. மெம்பர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு இங்கிலீஷ் வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அகராதியில் தேடினேன். கிடைத்த சொற்கள் எதுவும் ஒச்சுவின் தொண்டையில் பொருந்தவில்லை. 'ஐ' என்று எழுதப் பேனாவை வைத்தேன். எடுத்துவிட்டேன். கடைசியில் கேட்டதை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் எழுதினேன். 'துரைமார் ஐ என்றார்கள். ஒன்பது மெம்பர்கள் ஐயய்யோ என்றார்கள். ஒருவர் நோ என்றார்.' துரை கண்ணாடி இல்லாமல் அந்தச் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

6. ரிஜிஸ்தர் ஆபீஸ்

சப்-ரிஜிஸ்திரார் மதுரைக்காரர். பத்திரத்தோடு தீர்மானத்தின் நகலையும் கேட்டார். வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். மறுபடியும், இந்தத் தடவை உரக்க வாசித்தார். ஆபீஸ் குமாஸ்தாக்கள் தலையைத் தூக்கினார்கள்.

"இந்த ஒம்பது பேரு என்ன சொன்னதா எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"ஐயய்யோன்னு சொன்னாங்க சார்."

துரை குறுக்கிட்டு இங்கிலீஷில் சொன்னார். அது 'ஐ'தான், இரண்டு முறை சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவு உறுதியான சம்மதம் என்றார்.

சப்-ரிஜிஸ்திரார் பேனாவைக் கீழே வைத்தார். "தொரை, எங்க ஊர்ல வீடு தீப்பிடிச்சா இப்படிச் சொல்லுவோம். இதைச் சம்மதம்னு நான் பதிய முடியாது."

துரை என் பக்கம் திரும்பினார். முகம் ஒச்சுவின் கோட்டு நிறத்துக்கு வந்திருந்தது. அவர் பேசுவதற்குள் ராவுத்தர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அன்னைக்கு ஜன்னல் வழியாக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். சந்தோசத்துல கத்துறாகளோன்னு நெனச்சேன். ஒம்பது பேரு வயிறெரிஞ்ச மண்ணுல எஞ் சரக்கு காயாதுப்பா. எனக்கு வேணாம்" என்று படியிறங்கிப் போய்விட்டார்.

7. பிறகு

துரை என்னை அங்கேயே வேலையிலிருந்து நீக்கினார். மறுநாள் அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ரைட்டரை நீக்கவும் கூட்டத் தீர்மானம் வேண்டுமாம். அதற்கும் இருபது பேர். மெம்பர்களை நீக்கவும் அதே இருபது பேர்.

கூட்டம் கூடியது. நாடகக் கோட்டுகள் திரும்ப வந்தன. என்மேல் குற்றப்பத்திரிகையை நானே தமிழில் மொழிபெயர்த்துப் படித்தேன். படித்து முடித்து ஒச்சுவைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் விரும்பினால் ஒரே சொல்லில் என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அந்தப் பொடி எழுத்து விதியைத் தோண்டி எடுத்தது நான்தான் என்று அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

இந்தத் தடவை டிராயிங் மாஸ்டர் கையைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்பது பேரும் சொன்ன 'நோ'வில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வெளியே வந்ததும் ஒச்சுவின் கையைப் பிடித்தேன். "அண்ணே, அந்த விதியை..."

"தெரியும் ரைட்டரய்யா. மாஸ்டர் சொன்னாரு. அன்னைக்கே ஒங்களை ஓடையில தூக்கிப் போடணும்னு இருந்துச்சு. அப்புறம் எங்க வாயில வந்ததை நீங்க மாத்தலன்னாரு. சரி, போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார். கோட்டின் குஞ்சத்தைச் சரிசெய்துகொண்டு, "இனிமே புத்தகத்துல எதையும் தேடாதீக" என்றும் சொன்னார்.

ஒன்பது பேரும் மெம்பர்களாகவே நீடித்தார்கள். மாதக் கூட்டத்துக்கு வந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். ஆள் போதாமல் கிரிக்கெட்டிலும் இறங்கினார்கள். ஒருமுறை மாயாண்டி ஓட்டம் எடுக்கையில் "சடுகுடு சடுகுடு" என்று மூச்சு விடாமல் ஓடிப்போய், பந்து வீசியவரைத் தொட்டுவிட்டு, "நீ அவுட்டு, வெளிய போ" என்றார். அவர் போய்விட்டார். நடுவராக நின்ற துரை சட்டப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இது கூடாது என்று எங்கும் இல்லை என்றார்.

முப்பது வருஷம் மினிட் எழுதினேன். ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. இங்கிலீஷ் இலக்கணம் பற்றி ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் சொல்வது இவ்வளவுதான். மேலே உள்ளவருக்குக் காதில் விழுந்தது ஒன்று, சொன்னவர் வாயில் வந்தது ஒன்று என்று இருந்தால், வாயில் வந்ததை எழுதுங்கள். அதற்கு வார்த்தை தெரியாவிட்டால் கேட்டதை அப்படியே எழுதுங்கள். நான் அன்று இன்னும் கொஞ்சம் நல்ல இங்கிலீஷ் படித்திருந்தால், அந்த மைதானத்தில் இன்று ஏலக்காய் காய்ந்துகொண்டிருக்கும்.