சுதாராணியின் நானூற்றுப் பன்னிரண்டு

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு பெண்ணின் உயிரை நான் ஒருத்தியாக நின்று காப்பாற்றியிருக்கிறேன். மாடியிலிருந்து நாற்பது படிகளை மூன்றே எட்டில் தாண்டிக் குதித்தேன். சரி, கொஞ்சம் கூடிப்போய்விட்டது. படிகள் பதினொன்றுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். ஆனால் அன்று கீழே நான் பார்த்ததைக் கூட்டிச் சொல்ல எனக்கே துணிச்சல் வராது.

என் வீட்டின் கீழ்த்தளத்தில் பாலகுமார் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். முதலாளி அவன் என்றாலும் கடையை ஓட்டியது சுதாராணி. இருபத்திரண்டு வயது. வில்பட்டியிலிருந்து வெள்ளனே முதல் பஸ்ஸில் வருவாள். வெள்ளைக்காரர்களுக்கு மெயில் திறந்து கொடுப்பதும், போர்டிங் ஸ்கூல் பிள்ளைகள் பார்க்கக் கூடாததைப் பார்த்தால் ஒயரைப் பிடுங்குவதும் அவள் வேலை. அம்மா அமிர்தவல்லி கேரட் காட்டில் கூலிக்குப் போகிறவள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்திறங்கி இருபத்தைந்து வருடமாகியும், டீயை இன்னும் ‘தேத்தண்ணி’ என்றுதான் சொல்வாள். அப்பா இல்லை.

பதினேழு வயதில் சுதாராணிக்குச் சர்க்கரை நோய் வந்தது. ஒரே மாதத்தில் எட்டு கிலோ இளைத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். எவனையோ நினைத்து உருகுகிறாள் என்று ஊர் பேசியது. ஆஸ்பத்திரியில் இன்சுலின் என்றார்கள். அன்றிலிருந்து காலையில் ஒரு ஊசி, மாலையில் ஒரு ஊசி.

2007 நவம்பரில் அவள் ஒரு வெப்சைட்டைக் கண்டுபிடித்தாள். மதுரையில் சுந்தரராஜ் என்ற டாக்டர், பதினெட்டிலிருந்து முப்பது வயதுச் சர்க்கரை நோயாளிகளுக்காகவே நடத்தியது. தினமும் விரலைக் குத்திப் பார்த்து, மிஷின் காட்டும் எண்ணை அதில் ஏற்ற வேண்டும். மதியம் இரண்டரை மணிக்கு மேல் டாக்டரே உட்கார்ந்து பதில் போடுவார். மாதாமாதம் மலை இறங்கி மதுரைக்குப் போனால் ஒரு நாள் கூலியும் ஒரு நாள் உயிரும் போகும். அந்த அலைச்சல் மிச்சமானதில் அவளுக்கு ஏக சந்தோஷம்.

“டீச்சர், டாக்டர் ‘வெரி குட்’னு போட்டிருக்காரு. பிளஸ் டூல கூட எனக்கு யாரும் போட்டதில்ல” என்று மாடிக்கே ஏறி வந்து காட்டினாள்.

இது நவம்பரில். டிசம்பர் பாதியில் எண்கள் ஏறத் தொடங்கின. இருநூற்று நாற்பது. முந்நூறு. டாக்டர் மருந்தைக் கூட்டினார். எண் இன்னும் ஏறியது. மறுபடியும் கூட்டினார். காலை ஊசி பதினாறு யூனிட்டிலிருந்து முப்பத்திரண்டுக்குப் போய்விட்டது. பொங்கலுக்கு முந்தைய வாரம் நானூற்றுப் பன்னிரண்டு.

அன்று வந்த பதில் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி: “இவ்வளவு மருந்துக்கு இந்த எண் வரவே வராது. நீ ஊசி போடவில்லை. உன் வயதில் பலர் இப்படி ஏமாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் பொய் சொல்வதால் எனக்கு நஷ்டமில்லை, உனக்குத்தான். திங்கட்கிழமைக்குள் குறையாவிட்டால் மதுரைக்கு வந்து அட்மிட் ஆகிவிடு. தாமதித்தால் நினைவிழந்து போவாய்.”

திரையைப் பார்த்தபடியே இருந்தாள். “நான் ஒரு நாள்கூட விடல, டீச்சர்.”

அவளை நம்பினேன் என்று எழுத ஆசைதான். நம்பவில்லை. அவள் பையில் மிட்டாய்த் தாள் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். பாலகுமார் நேராகவே கேட்டான்: “திருட்டுத்தனமா கேக்கு கீக்கு திங்கிறியா சுதா? சொல்லிரு, யாரும் அடிக்க மாட்டோம்.” அவள் அழக்கூட இல்லை. இரண்டு நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை.

பொங்கல் விடுமுறை. கீழ்நாட்டுச் சுற்றுலாக் கூட்டமெல்லாம் மலைக்கு வந்துவிட்டது. அன்று காலை வில்பட்டி வீட்டில் மருந்து பாட்டில் காலி. டவுனுக்கு வந்ததும் மருந்துக்கடையில் புதுசு வாங்கி, சென்டரிலேயே முப்பத்திரண்டு யூனிட் போட்டுக்கொண்டு இரண்டு இட்லி தின்றாள். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க நேரமில்லை. ரிட்டர்ன் டிக்கெட்டுக்கும் ரூம் புக்கிங்குக்கும் வரிசை நின்றது.

மூன்று மணிக்குப் பாலகுமார் கத்தினான்: “டீச்சர்! வெரசா வாங்க!”

அப்போதுதான் அந்தப் பதினொரு படி. நாங்கள் எல்லாம் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு நடுங்கிக்கொண்டிருந்த ஜனவரியில், சுதாராணியின் நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. சட்டைக் காலர் நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. “பஸ்ஸு… மூணு டிக்கெட்டு…” என்று உளறினாள். கொடைக்கானலில் முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்திருக்கிறேன். ஜனவரியில் ஒரு மனிதருக்கு வியர்த்து நான் பார்த்ததில்லை.

சர்க்கரைத் தண்ணீர் கலக்கினேன். பாலகுமார் டம்ளரைப் பிடித்துக்கொண்டான்.

“சுகர் பேஷண்டுக்குச் சீனி குடுக்கிறீங்களே, கொல்லப் பாக்கிறீங்களா? போன வாரமே நானூறு!”

எனக்குக் கை நின்றுவிட்டது. அவன் சொல்வது சரியென்றே தோன்றியது. அவள் முன்னால் அந்த வெப்சைட் திறந்தே கிடந்தது. பாலகுமார் ஒற்றை விரலால் தட்டினான்: சுதா வியர்க்கிறாள், உளறுகிறாள், என்ன செய்ய?

பதில் வர எவ்வளவு நேரம் ஆனது? எனக்கு ஒரு மணி நேரம். பாலகுமார் அரை நிமிஷம் என்கிறான். “சர்க்கரை கொடுங்கள். உடனே. போன் நம்பர் அனுப்புங்கள்.”

கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். அதன் பிறகு விரலைக் குத்திப் பார்த்தால் நாற்பத்தொன்று. நானூறு எங்கே, நாற்பது எங்கே! கால் மணி நேரத்தில் அவளுக்குக் கண் தெளிந்தது. “ஏன் எல்லாரும் என்னையே பாக்கிறீங்க?” என்றாள்.

போன் அடித்தது. டாக்டர். ஸ்பீக்கரில் போட்டோம்.

“இன்னைக்கு என்ன வித்தியாசமா பண்ணின, சுதாராணி?”

“ஒண்ணுமில்ல சார். பாட்டில்தான் புதுசு.”

“பழைய பாட்டிலை எங்க வெச்சிருந்த?”

“அது அம்மா சோலி சார். காலையில என் கையில எடுத்துத் தருவாங்க. அவங்களைத்தான் கேக்கணும்.”

வில்பட்டியில் அவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவை வரச் சொன்னோம். காய்கறி டெம்போவில் ஏறி, மண் அப்பிய காலோடு அமிர்தவல்லி வந்து சேர்ந்தாள். டாக்டர் மறுபடி லைனில் வந்தார். அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“குளிர்ச்சியா வெக்கணும்னு கம்ப்யூட்டர்ல போட்டிருக்குன்னு புள்ள படிச்சுக் காட்டுச்சுங்க. முன்ன எல்லாம் மாடக்குழியில வெப்பேன். ஒத்த ரூம்பு, அடுப்பு கணகணன்னு கெடக்கும்ல? அதான் ராத்திரிக்கு டப்பாவுல போட்டு தகரக் கூரை மேல வெச்சேனுங்க.”

“கூரை மேலயா? டிசம்பர்லயா?”

“ஆமாங்க. காலையில பாத்தா தகரமெல்லாம் வெள்ளையா பனி பூத்துக் கெடக்கும். மருந்தும் கல்லாட்டம் ஆயிரும். அப்புடியே குத்துனா புள்ளைக்கு வலிக்குமேன்னு, அது எந்திரிக்கிறதுக்குள்ள உள்ளங்கையில பொத்தி வெச்சுக் கரைச்சுக் குடுத்துருவேங்க.”

லைன் அறுந்துவிட்டதோ என்று பாலகுமார் ஒயரை ஆட்டிப் பார்த்தான்.

பிறகு டாக்டர் மெதுவாகச் சொன்னார். “இன்சுலின் ஒரு தடவை உறைஞ்சா செத்துப்போச்சும்மா. உருகினாலும் வேலை செய்யாது. மதுரையில உக்காந்துக்கிட்டு, வெயில்ல கெட்டுப்போகும்னுதான் எழுதத் தெரிஞ்சுது எனக்கு. உறையும்னு தோணவே இல்ல. செத்த மருந்துக்கு நான் அளவைக் கூட்டிக்கிட்டே போயிருக்கேன். இன்னைக்கு அந்த அளவுல நல்ல மருந்து உள்ள போயிருக்கு. அதான் சர்க்கரை இவ்வளவு கீழ எறங்கிருச்சு.”

“அப்ப ஒரு மாசமா எம்புள்ளைக்கு வெறும் தண்ணியவா குத்தவிட்டேன்?” அமிர்தவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் உள்ளங்கைகளை விரித்து, யாருடையதோ போலப் பார்த்தாள்.

சுதாராணி நாற்காலியிலிருந்து இறங்கி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “சார், நான் ஊசி போட்டேன்.”

“ஆமாம்மா, நீ போட்டிருக்க. நான்தான் தப்பாச் சொன்னேன். மன்னிச்சிரு.”

அன்று மாலை ஊசியைப் பத்து யூனிட்டுக்கு இறக்கினார். அந்த வாரமே வெப்சைட்டில் புதிதாக ஒரு பத்தி வந்தது: மலையில் இருப்பவர்கள் இன்சுலினைப் பனியில் வைக்கக் கூடாது, உறைந்ததைத் தூக்கி எறிய வேண்டும். தமிழில் எழுதிக் கொடுத்தது சுதாராணி. மருந்து இப்போது என் வீட்டு பிரிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்தில். ஊசி நேரத்துக்கு அவள் இங்கே வந்துவிட வசதியாக, தாயும் மகளும் பின்கட்டு அறைக்கே குடிவந்துவிட்டார்கள்.

இது நடந்து ஒரு வருடமாகிறது. அன்றிலிருந்து அவளுடைய சர்க்கரை நூற்றைம்பதைத் தாண்டியதே இல்லை.

நான் சொல்லச் சொல்ல இந்த வரியைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்த சுதாராணி கையை எடுத்துவிட்டாள்.

“டீச்சர், இதை அடிக்க மாட்டேன். போன செவ்வாக்கெழம முந்நூத்திப் பன்னெண்டு. பேக்கரியில ரெண்டு பிளம் கேக்கு தின்னேன். டாக்டருக்கு அப்படியே அனுப்பிட்டேன். நீங்களும் அப்படியே எழுதுங்க.”