சுவரில் ஒரு கால்

ஒரு காலத்தில் ஊரிலிருந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் சுவரைக் கண்டால் சாய்ந்து நின்றதற்குக் காரணம், சினிமா ஸ்டூடியோவின் பின்கட்டில் பூட்ஸ் தைத்துக்கொண்டிருந்த ஒரே ஒரு மனிதர்தான். அத்தனை பேரும் என்பது கொஞ்சம் கூடுதல். மீசை அரும்பியவர்களில் பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதிக்குச் சாயச் சுவர் கிடைக்கவில்லை.

அவருக்கு ஆணிவாயர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல. நாள் முழுக்க உதட்டிடுக்கில் பத்துப் பன்னிரண்டு சின்ன ஆணிகளை வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். யார் எதைக் கேட்டாலும் "ம்" என்பார். கேட்டவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த ஸ்டூடியோவின் கதாநாயகர் நடிப்பால் பெயர் வாங்கினார் என்று பத்திரிகைகள் எழுதின. முதல் படத்திலிருந்தே அவர் வசனம் பேசும்போது நேராக நிற்க மாட்டார். முதுகைச் சுவருக்குக் கொடுத்து, ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றிக்கொள்வார். சாய்ந்து சாய்ந்து கோட்டு கசங்கியதால் தையல்காரர் அவரைக் கும்பிடாத குறையாக அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்ளச் சொன்னார். நடந்தாலோ, எங்கேயும் போய்ச்சேர வேண்டிய அவசரமே இல்லாத நடை. மூன்றே படத்தில் ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. வெள்ளையடித்த சுவர்களிலெல்லாம் முழங்கால் உயரத்தில் பூட்ஸ் தடம்.

நாலாவது படத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகை போட்டி வைத்து, ஆணிவாயர் தைத்த அந்தப் புகழ்பெற்ற பூட்ஸைப் பரிசாகக் கொடுத்துவிட்டது. ஜெயித்தவர் அதை வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார். ஆணிவாயர் கதாநாயகருக்குப் புதிதாக அளவெடுத்து, முன்னதைவிட நல்ல தோலில் இன்னொரு ஜோடி தைத்தார். போட்டுப் பார்த்த கதாநாயகருக்கு வாயெல்லாம் பல்.

படப்பிடிப்பில் அவர் விறுவிறுவென்று நடந்து வந்து, இரண்டு காலையும் ஊன்றி நின்று, காதல் வசனம் பேசினார். டைரக்டர் கேமராவை நிறுத்தச் சொன்னார்.

"என்னங்க இது? காதலியைப் பார்க்க வர்றீங்களா, கரண்ட் மீட்டர் பார்க்க வர்றீங்களா?"

சாயச் சொன்னால் சாய்ந்தார். ஏணியைச் சாத்தி வைத்த மாதிரி இருந்தது. பழைய படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். எங்கே இடிக்கிறது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. தையல்காரர் பழியைப் பூட்ஸின்மேல் போட்டார். ஆணிவாயர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, பழியைக் கோட்டின்மேல் போட்டார். கதாநாயகரோ தமக்கு நடிப்பே மறந்துவிட்டதென்று மூலையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் டைரக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். சனிக்கிழமைக்குள் பழைய நடை வராவிட்டால் பூட்ஸ் வேலை வெளிக்கடைக்குப் போகும், பட்டறையைக் காலி செய்ய வேண்டியதுதான். பதினேழு வருஷமாக இருந்த இடம்.

பழையதில் அப்படி என்னதான் செய்தோம் என்று ஆணிவாயர் மண்டையை உடைத்துக்கொண்டார். செய்த தப்பு தெரிந்தால் அதையே மறுபடி செய்துவிடலாம். அவருக்குத் தெரிந்தவரை எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தார். குதியை உயர்த்திப் பார்த்தார், கதாநாயகர் கொக்கு மாதிரி நடந்தார். அடித்தோலை இரட்டித்தார், சிப்பாய் மாதிரி நடந்தார். முன்பக்கத்தை இறுக்கினார், மனிதர் நொண்டினார்.

வெள்ளிக்கிழமை மதியம் பட்டறையில் மறுபடியும் அளவு. கதாநாயகர் வெறுங்காலோடு காகிதத்தின்மேல் நிற்க, ஆணிவாயர் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டிருந்தார். அப்போது ஆணிவாயரின் மனைவி சாப்பாடு கொண்டுவந்தார். அந்த அம்மாள் வருவது தெருமுனையிலேயே கேட்கும். செருப்பு தரையைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு வரும். காலைத் தூக்கி நடக்கத் தெரியாதா, தைத்தவனுக்கே அவமானம் என்று ஆணிவாயர் சொல்லிக்காட்டாத நாளில்லை. அம்மாள் செருப்பை உதறிவிட்டுக் காலை மடக்கிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

வெளியே யாரோ கதாநாயகரைக் கூப்பிட்டார்கள். அவர் அவசரத்தில் காலில் தட்டுப்பட்ட அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய் வந்தார். சரக் சத்தமே இல்லை. அளவெடுத்துத் தைத்தது போலக் காலோடு ஒட்டிக்கொண்டு போய் வந்தது.

ஆணிவாயர் வாயிலிருந்து ஆணிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

"இந்தச் செருப்பு உனக்கு எப்பத் தைச்சேன்?"

"அவருக்கு மொத பூட்ஸ் தைச்சீங்களே, அந்த வாரம். பெருசா இருக்குன்னு அன்னைக்கே சொன்னேன். நடந்து நடந்து பழகிக்கோன்னீங்க."

ஒரு காலை ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டேன் என்பது ஆணிவாயரின் பெருமை. அதனால் அவர் அளவுக் காகிதத்தில் யார் பெயரையும் எழுதுவதே இல்லை. அந்த வாரம் கதாநாயகரின் காகிதமும் மனைவியின் காகிதமும் இடம் மாறிப்போயிருந்தன. பழைய பூட்ஸ் கடிக்கவில்லையா என்று கதாநாயகரைக் கேட்டார். அவர் நெளிந்தார்.

"ரெண்டு காலையும் சேர்த்து ஊனவே முடியாதுங்க. அதுக்கு முன்னாடி நான் பூட்ஸே போட்டதில்ல. பூட்ஸுன்னாலே இப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

அன்றைக்கே மனைவியின் காலைக் காகிதத்தில் வைத்து வரைந்து, ஆணிவாயர் இன்னொரு ஜோடி தைத்து முடித்தார். இடைவேளைகளில் போட்டுக்கொள்ள அம்மாளின் செருப்பைக் கதாநாயகரே கேட்டு வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை காலை புது பூட்ஸில் நாலடி மெல்ல நடந்தார், பெருமூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்தார். ஒரு கால் தானாக மேலே போனது. தையல்காரர் ஓடிப்போய்க் கோட்டை அவர் தோளில் போட்டார்.

டைரக்டர் ஆணிவாயரின் முதுகில் தட்டி, எப்படி வரவழைத்தீர் என்று கேட்டார்.

"எல்லாம் கைப்பழக்கம்ங்க," என்றார் ஆணிவாயர்.

பின்னால் வெறுங்காலோடு நின்றிருந்த மனைவி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கை இல்லீங்க, என் காலு. அதுவும் இடது காலு மட்டும்தான். வலது கொஞ்சம் பெருசு. அதை இவர் இன்னிக்கு வரைக்கும் அளந்ததே இல்ல."